நேரமில்லாத பெற்றோரும் உடலை இயக்கலாம்

பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகளின் வருகை, மதிப்பெண், கைப்பேசிப் பழக்கம் பற்றியெல்லாம் பேசுகிறோம். பெற்றோரின் உடல்நலம் பற்றிப் பேசுவது அரிது. ஆனால் அது பள்ளிக்குத் தொடர்பில்லாத செய்தி அல்ல. வீட்டில் சம்பாதிக்கும் ஒருவர் நாற்பத்தைந்து வயதில் பக்கவாதம் வந்து படுத்துவிட்டால், அடுத்த மாதமே அதன் தாக்கம் நம் வருகைப் பதிவேட்டில் தெரியும். அப்பாவைக் கவனிக்க மகள் வீட்டில் நிற்கிறாள். குடும்பச் செலவுக்கு மகன் வேலைக்குப் போகிறான். நீண்ட நாள் வராத மாணவரைத் தேடி வீட்டுக்குச் சென்ற ஆசிரியர்கள் பலரும் இதை நேரில் பார்த்திருப்பார்கள்.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வு 2023இல் தெரிவித்தது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேருக்கு இந்நோய் இருப்பதாகவும் அது காட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் ஏறக்குறைய பாதிப் பேர் போதிய அளவு உடலை இயக்குவதில்லை. ஆண்களில் இது 42 விழுக்காடு. பெண்களில் 57 விழுக்காடு.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மாத்திரையை இன்னொருவர் கொண்டுவந்து தரலாம். உடலை அவரவரே இயக்கியாக வேண்டும். அதற்கு நேரமும் பணமும் எங்கே என்பதுதான் பெற்றோரின் கேள்வி. 

‘நேரமில்லை’ என்பது சாக்கு அல்ல

“தினமும் நடங்கம்மா” என்று சொன்னால், “எங்க சார் நேரம்? காலையில எழுந்ததும் சமையல், பிள்ளைகளை அனுப்பிட்டு வேலைக்கு ஓட்டம், வந்தா மறுபடியும் சமையல்” என்ற பதில்தான் வரும். பெரும்பாலும் அது உண்மையான பதில். 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அதே வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். ஐந்து மணி நேர வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் நடுவில் ஒரு மணி நேர நடைப்பயிற்சிக்கு இடம் தேடச் சொல்வது பொருந்தாத அறிவுரை.

உடற்பயிற்சி என்றால் தனி நேரம், தனி உடை, விளையாட்டுக் காலணி, மாதக் கட்டணம் கட்டும் உடற்பயிற்சிக்கூடம் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிவிட்டது. அந்த எண்ணமே பலரை முதல் அடி எடுத்து வைக்க விடாமல் தடுக்கிறது. அறிவியல் சொல்வது வேறு. 

சில்லறையாகச் சேர்த்தாலும் கணக்கில் வரும்

வயது வந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகத்திலோ, 75 முதல் 150 நிமிடம் கடுமையான வேகத்திலோ உடலை இயக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. 150 நிமிடத்தை ஏழு நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 22 நிமிடம்கூட வராது. அதாவது, ஒரு பாடவேளையில் பாதி.

இதில் பலரும் கவனிக்காத மாற்றம் ஒன்று உண்டு. முந்தைய பரிந்துரையில், தொடர்ந்து 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்ற நிபந்தனை இருந்தது. 2020இல் வெளியான பரிந்துரையில் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் என்று சில்லறையாகச் சேர்ப்பதும் கணக்கில் வரும். ஓய்வு நேரத்தில் செய்வது மட்டுமல்ல. வேலையில், போக்குவரத்தில், வீட்டில் செய்யும் இயக்கமும் சேர்த்தி.

இதற்கு அடித்தளமிட்ட ஆய்வுகளில் ஒன்று இலண்டன் பேருந்துகளில் நடந்தது. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1953இல் அதை வெளியிட்டார்கள். ஒரே பேருந்தில் வேலை செய்யும் ஓட்டுநரையும் நடத்துநரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். நடத்துநரோ மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார். நடத்துநர்களிடையே மாரடைப்பு குறைவாகக் காணப்பட்டது. அந்த நடத்துநர்கள் உடற்பயிற்சிக்காகப் படியேறவில்லை. பயணச்சீட்டு கொடுக்கத்தான் படியேறினார்கள்.

2022இல் வெளியான இன்னோர் ஆய்வு, பிரிட்டனில் உடற்பயிற்சி செய்யும் பழக்கமே இல்லாத ஏறத்தாழ 25,000 பேரை உடலில் அணியும் கருவி மூலம் கவனித்தது. பேருந்தைப் பிடிக்க ஓடுவது, சுமையோடு படியேறுவது போன்ற மூச்சு வாங்கும் வேலைகளை, ஒன்றிரண்டு நிமிடமே நீடித்தாலும், நாளுக்கு மூன்று முறை செய்தவர்களிடம் இறப்பு வாய்ப்பு 40 விழுக்காடு வரை குறைவாக இருந்தது. இத்தகைய ஆய்வுகள் ஒரு தொடர்பைத்தான் காட்டுகின்றன. காரணத்தை முழுமையாக நிறுவுவதில்லை. ஆனாலும் அவை சுட்டும் திசை ஒன்றே: சிறிதளவு இயக்கமும் வீணல்ல.

தினமும் 10,000 அடி நடந்தே ஆகவேண்டும் என்று சொல்லக் கேட்டிருப்போம். அந்த எண் மருத்துவ ஆய்வில் பிறந்ததல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடிக்குள்ளேயே பெரும்பாலான பயன் கிடைத்துவிடுவது தெரிந்தது. இப்போது 3,000 அடி நடப்பவர் 5,000 அடி நடந்தாலே அது முன்னேற்றம்தான்.

வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம்

‘மிதமான வேகம்’ என்பதை எப்படி அறிவது? நடந்துகொண்டே பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். நான்கு சொல் பேசுவதற்குள் மூச்சு வாங்கினால் கடுமையான வேகம். ஒரு பாட்டை முழுதாகப் பாடிக்கொண்டே நடக்க முடிந்தால் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாம்.

எண்ணிப் பார்க்க விரும்புவோருக்கும் எளிய வழி உண்டு. நிமிடத்துக்குச் சுமார் 100 அடி என்பது பெரும்பாலோருக்கு மிதமான வேகம். 15 நொடியில் 25 அடி வைத்தால் போதும்.

எல்லாப் பெற்றோருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது

நம் மாணவர்களின் பெற்றோர் எல்லாரும் உடல் உழைப்பு இல்லாதவர்கள் அல்லர். நாள் முழுக்கக் களையெடுத்தோ சித்தாள் வேலை செய்தோ வீடு திரும்பும் தாயிடம் “நடைப்பயிற்சி செய்யுங்கள்” என்பது அவருடைய உழைப்பை அறியாத பேச்சு. அவருக்கு வேண்டியது ஓய்வும் உறக்கமும் போதிய தண்ணீரும் சத்தான உணவும்தான். குனிந்தே வேலை செய்த முதுகை நிமிர்த்தி நீட்டிக்கொள்ள ஐந்து நிமிடம் கிடைத்தால் நல்லது. “உங்கள் வேலையே உடலியக்கம்தான்” என்று அவரிடம் சொல்லலாம்.

நாம் கவனிக்க வேண்டியவர்கள், கடுமையாக உழைத்தும் உடல் அசையாமல் இருப்பவர்கள். திருப்பூரில் பின்னலாடை தைப்பவர், திருநெல்வேலியில் பீடி சுற்றுபவர், ஆட்டோ ஓட்டுபவர், மளிகைக்கடைக் கல்லாவில் அமர்ந்திருப்பவர், கணினி முன் வேலை பார்ப்பவர் ஆகியோர் இந்த வகை. மாலையில் இவர்களுக்கு உடம்பெல்லாம் வலிக்கும். அசதியாக இருப்பதால் உடல் உழைத்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் கையும் கண்ணும் களைத்திருக்கும். காலின் பெருந்தசைகளும் இதயமும் வேலை பார்த்திருக்காது.

இவர்கள் அரைமணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நிற்பதே நல்ல தொடக்கம். தையல் வேலை பார்ப்பவர் நூல்கண்டு மாற்றும்போது எழுந்து நின்று மாற்றலாம். ஆட்டோ ஓட்டுநர் சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் வண்டிக்குள் சாய்ந்திருக்காமல் நிறுத்தத்தைச் சுற்றி நடக்கலாம். பீடி சுற்றுபவர் ஒவ்வொரு கட்டு முடிந்ததும் எழுந்து கையைத் தலைக்கு மேல் தூக்கி முதுகை நிமிர்த்தலாம். கைப்பேசியில் அழைப்பு வந்தால் நடந்துகொண்டே பேசலாம்.

மூன்றாவது வகையில் நாமே இருக்கிறோம். ஆசிரியர்களில் பெரும்பாலோரும் பெற்றோர்தாம். நாள் முழுக்க நிற்கிறோம். ஆனால் நிற்பது நடப்பதாகாது. கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் காலில் இறங்கிய இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. அசையாமல் நின்றால் இரத்தம் காலிலேயே தேங்குகிறது. நரம்பு சுருட்டல் உள்ளவர்களுக்கு இது தொல்லையைக் கூட்டும். கரும்பலகையருகே ஒரே இடத்தில் நிற்காமல் வரிசைகளுக்கிடையே நடந்து பாடம் சொல்லலாம். தேர்வறைக் கண்காணிப்பின்போது நடக்கலாம். நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கி இறக்குவதைப் பத்துப் பதினைந்து முறை செய்யலாம்.

கையில் இருப்பதைக் கொண்டே செய்யக்கூடியவை

நடை: பேருந்தில் செல்வோர் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடக்கலாம். அருகிலுள்ள கடைக்கு இருசக்கர வாகனத்தை எடுக்காமல் போகலாம். தொடக்கப்பள்ளிக் குழந்தையை நடந்தே கொண்டுவந்து விட்டால் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் பயன். ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின்கீழ் 2023 நவம்பரில் எல்லா மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் அறிமுகமாயின. அருகில் இருப்போர் பயன்படுத்தலாம். இல்லாதோருக்கு வீட்டுத் தெருவும் மொட்டை மாடியும் போதும்.

சாப்பாட்டுக்குப் பின்: உண்ட களைப்பு தொண்டனுக்கும் உண்டு என்பார்கள். ஆனால் சாப்பிட்டவுடன்தான் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. நடக்கும்போது சுருங்கும் தசைகள் இன்சுலினின் துணையில்லாமலேயே சர்க்கரையை உள்ளிழுத்து எரிக்க வல்லவை. எனவே, இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம் மெதுவாக நடப்பதுகூடச் சர்க்கரை ஏற்றத்தைக் குறைக்கும். குடும்பமே தெருமுனை வரை போய்வரலாம். அன்று பள்ளியில் என்ன நடந்தது என்று பிள்ளையிடம் கேட்கவும் அது நல்ல நேரம்.

மிதிவண்டி: 11ஆம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டி பல வீடுகளில் மாலையிலும் விடுமுறையிலும் சும்மா நிற்கிறது. பிள்ளை கல்லூரிக்குப் போனபின் முற்றத்தில் துருப்பிடிக்கிறது. காற்றடித்து எண்ணெய் விட்டால் அம்மாவும் அப்பாவும் ஓட்டலாம். பெண்கள் மிதிவண்டி ஓட்டுவது நமக்குப் புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்தது. பல்லாயிரம் கிராமப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். அவர்கள் அதை உடற்பயிற்சியாகக் கற்கவில்லை. தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் யாரையும் எதிர்பார்க்காமல் வெளியே செல்லவும் கற்றார்கள். அன்றாடத் தேவையோடு இணைந்த இயக்கமே நிலைக்கும் என்பதற்கு அது நல்ல சான்று.

வலுப்பயிற்சி: 30 வயதைக் கடந்தபின் தசை சிறிது சிறிதாகக் குறையத் தொடங்குகிறது. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு எலும்பின் வலுவும் வேகமாகக் குறைகிறது. நடையால் மட்டும் இதைச் சரிசெய்ய முடியாது. வாரத்தில் இரண்டு நாள், பத்து நிமிடம் போதும். நாற்காலியில் கையூன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழலாம். சுவரில் இரு கையையும் ஊன்றி உடலைச் சாய்த்துப் பத்து முறை தள்ளலாம். ஒரு லிட்டர் தண்ணீர் நிரப்பிய பாட்டில் ஏறத்தாழ ஒரு கிலோ எடை. இரு கையிலும் ஒவ்வொன்று பிடித்துத் தூக்கி இறக்கலாம். எளிதாகிவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டலாம். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து சாப்பிடுவதும், கையூன்றாமல் எழ முயல்வதும்கூடப் பயிற்சியே. 

பிள்ளைகளோடு விளையாட்டு: 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலை இயக்க வேண்டும். பாண்டி, ஏழு கல், கயிறு தாண்டுதல், பந்தெறிதல் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. பதினைந்து நிமிடம் பெற்றோரும் சேர்ந்து ஆடினால் பிள்ளை கைப்பேசியைக் கேட்க மாட்டாள்.

வீட்டு வேலைப் பகிர்வு: 299க்கும் 97க்கும் உள்ள இடைவெளியில் ஒரு தீர்வும் இருக்கிறது. வீடு பெருக்கித் துடைப்பது, துணி துவைத்துப் பிழிவது, தண்ணீர் தூக்குவது எல்லாம் உடலியக்கமே. நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கும் அப்பா இவற்றில் அரைமணி நேரத்தை ஏற்றுக்கொண்டால் அவருக்கு அன்றைய இயக்கம் கிடைத்துவிடும். அம்மாவுக்கு அரைமணி நேரம் மீதமாகும். மகனும் மகளும் பார்த்துக் கற்பார்கள். இதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. 

சில எச்சரிக்கைகள்

நடக்கும்போது நெஞ்சுவலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதயநோய் உள்ளவர்களும் கருவுற்ற தாய்மார்களும் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குவது நல்லது. இன்சுலின் போடுவோருக்குப் பயிற்சியின்போது சர்க்கரை திடீரென இறங்கக்கூடும். அவர்களும் ஆலோசனை பெற வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்கக்கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது. முழங்கால் வலி உள்ளவர்கள் படியேறுவதைக் குறைத்து, சமதளத்தில் நடக்கலாம். கோடையில் அதிகாலையிலோ வெயில் தாழ்ந்த பின்போ நடப்பதே பாதுகாப்பு.

பள்ளி என்ன செய்யலாம்?

பெற்றோரிடம் அறிவுரை சொல்வதைவிடக் கேள்வி கேட்பது பயன் தரும். “உங்கள் நாளில் எங்கே ஐந்து நிமிடம் கிடைக்கும்?” என்று கேட்டால் அவர்களே சொல்வார்கள். கூட்டத்தில் ஒரு மணி நேரம் உட்கார வைக்காமல், நடுவில் இரண்டு நிமிடம் எல்லாரையும் எழுப்பிக் கைகால் நீட்டச் செய்யலாம். தலைமையாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து செய்யும்போது கூச்சம் போய்விடும்.

நடக்க இடமில்லை என்பது பெண்கள் பலரின் உண்மையான சிக்கல். தெருவில் வெளிச்சமில்லை, நாய்த் தொல்லை, யார் என்ன சொல்வார்களோ என்ற தயக்கம் எல்லாம் உண்டு. சுற்றுச்சுவர் உள்ள பள்ளி மைதானம் மாலையில் ஒரு மணி நேரம் தாய்மார்களுக்குத் திறந்திருந்தால் அந்தச் சிக்கல் தீரும். திறப்பது யார், பூட்டுவது யார், பொறுப்பு யாருடையது என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி முடிவெடுக்கலாம்.

பாடத்தோடும் இதை இணைக்கலாம். தொடக்க வகுப்பில், வீட்டிலுள்ளவர்கள் 15 நொடியில் வைக்கும் அடிகளை எண்ணி நான்கால் பெருக்கிவரச் சொல்லலாம். நடுநிலை வகுப்பில், 30 நொடியில் அம்மாவும் அப்பாவும் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுகிறார்கள் என்று வாரம் ஒருமுறை குறித்து, பட்டை வரைபடம் வரையச் சொல்லலாம். உயர்நிலை வகுப்பில், படியேறுவதற்கு முன்னும் பின்னும் நாடித்துடிப்பை எண்ணி ஒப்பிடலாம். யாருடைய பெற்றோர் அதிகம் செய்தார் என்ற போட்டியாக அது மாறிவிடக்கூடாது. மாற்றுத்திறனாளியாகவோ நோயுற்றவராகவோ இருக்கும் பெற்றோரின் பிள்ளை மனம் வருந்த இடம் தரக்கூடாது. வீட்டிலுள்ள யாரை வேண்டுமானாலும், தன்னையேகூட, அளக்கலாம் என்று சொல்லிவிடுவது நல்லது.

ஒரு கூட்டத்தில் ஐம்பது பெற்றோர் வந்தால் ஐம்பது பேரும் மறுநாளே மாறிவிட மாட்டார்கள். ஐந்து பேர் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடக்கத் தொடங்கினாலும் அது ஐந்து குடும்பங்களுக்கு நன்மை. அடுத்த கூட்டத்தின் பொருள் பட்டியலில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கிப் பார்ப்போம். அந்தப் பத்து நிமிடத்தையும் நின்றுகொண்டே பேசுவோம்.